மாசிக்காய் காயல்ல, ஒரு குளவியின் வீடு

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டால் கோலிக்குண்டு அளவில் ஒரு உருண்டையை எடுத்துத் தருவார்கள். சில ஊர்களில் மாசக்காய் என்பார்கள். மேலே சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், கல் மாதிரி கெட்டி. குழந்தைக்கு உரை மருந்து இழைக்கிற வீடுகளில் சுக்கு, வசம்பு, கடுக்காய், ஜாதிக்காயோடு இதுவும் டப்பாவில் கிடக்கும். நாக்கில் வைத்தால் வாயை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு.

பெயரில்தான் காய் இருக்கிறது. இது எந்தப் பூவிலிருந்தும் காய்த்தது கிடையாது. உடைத்துப் பாருங்கள், உள்ளே விதை இருக்காது. நடுவில் ஒரு சிறிய அறை இருக்கும். சிலவற்றில் அந்த அறைக்குள் காய்ந்து போன ஒரு பூச்சியும் இருக்கும். அதுதான் வீட்டுக்காரர். அதாவது மாசிக்காய் என்பது ஒரு சிறு குளவிக்காக ஒரு மரம் கட்டிக் கொடுத்த வீடு.

இதை ஒரு விவசாயப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், இலையெல்லாம் முண்டு முண்டா வீங்கிக் கிடக்கு, என்ன அடிக்கலாம்?" ரசாயனம் அடிக்கிறவரும் இதைத்தான் கேட்கிறார், வேப்பெண்ணெய் அடிக்கிறவரும் இதைத்தான் கேட்கிறார். கேள்வியே தப்பு. "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அது ஏன் என்பதற்கு மாசிக்காயை விட நல்ல பாடம் கிடையாது.

செடியில் பூச்சியாலோ சிலந்தியாலோ வரும் இந்த வீக்கத்தை ஊருக்கு ஊர் முண்டு, கழலை, கொப்புளம் என்று சொல்கிறார்கள். நான் முண்டு என்றே எழுதுகிறேன்.

எந்த மரம், எந்தக் குளவி?

மாசிக்காய் உண்டாவது ஓக் மரத்தில். தமிழ் பைபிளில் கர்வாலி மரம் என்று வருவது இந்த இனம்தான். ஏற்காட்டிலும் நீலகிரியிலும் காப்பி, தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறுவதற்கும் நிற்கிற சில்வர் ஓக்குக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். நிஜமான ஓக் மரங்களை நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால் இமயமலைப் பக்கம் போக வேண்டும்.

மருந்துக் கடைக்கு வருகிற மாசிக்காய் அங்கேயும் விளைவதில்லை. துருக்கி, சிரியா, இராக், ஈரான் மலைச் சரிவுகளில் வளரும் குவர்கஸ் இன்பெக்டோரியா என்ற குட்டையான ஓக் மரத்தில் விளைகிறது. பழைய வணிகத்தில் இதற்கு அலெப்போ காய் என்றே பெயர். சிரியாவின் அலெப்போ நகரச் சந்தை வழியாக உலகத்துக்குப் போனதால் அந்தப் பெயர். அங்கிருந்து கப்பலேறி வந்துதான் நம் சித்த மருத்துவத்தில் இடம் பிடித்தது.

வீட்டுக்காரர் ஆண்ட்ரிகஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த குளவி. குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது சில மில்லிமீட்டர் நீளம்தான், கொட்டாது. சினிப்பிடே என்ற குடும்பம். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் சுமார் 1400 வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஆயிரம் வகை வரை ஓக் மரங்களையே நம்பிப் பிழைக்கின்றன.

வீட்டைக் கட்டுவது யார்?

தாய்க்குளவி ஓக் மரத்தின் மொட்டிலோ, இலையிலோ, வேரிலோ முட்டை வைக்கும். எந்தக் குளவிக்கு எந்த உறுப்பு என்பது கணக்காக இருக்கும். முட்டை பொரிந்து புழு கடிக்க ஆரம்பித்ததும், அதன் வாயிலிருந்து சுரக்கும் பொருட்களால் அந்த இடத்தின் வளர்ச்சியே திசை மாறுகிறது. இலையாகவோ கிளையாகவோ ஆக வேண்டிய திசுக்கள் புழுவைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. மரத்தின் சாறு ஓடும் குழாய்கள் அந்தச் சுவருக்குள்ளும் நீள்கின்றன.

உள்சுவர் மெத்தென்று சத்து நிறைந்து இருக்கும். புழுவுக்கு அதுதான் சாப்பாடு. வெளிச்சுவர் கெட்டியாக, துவர்ப்பு ஏறி இருக்கும். புழு பாதியில் செத்துவிட்டால் முண்டின் வளர்ச்சியும் நின்றுவிடும். வரைபடம் புழுவுடையது, கல்லும் மண்ணும் கூலியும் மரத்துடையது. ஒரே ஓக் மரத்தில் ஒரு குளவி உருண்டையாக வீடு கட்டும், இன்னொன்று இலையின் அடியில் பொத்தான் போலக் கட்டும், வேறொன்று பஞ்சு உருண்டை போலக் கட்டும். மரம் ஒன்றுதான். வரைபடம் மாறுவதால் வீடு மாறுகிறது.

இன்னொரு சங்கதி. இந்தப் புழு வளரும் காலம் முழுக்க எச்சம் போடுவதில்லை. உணவுக்குழாயின் கடைசிப் பகுதி அதுவரை அடைபட்டே இருக்கும். ஒற்றை அறையில் சாப்பிட்டுக்கொண்டு அதே அறையில் மாதக்கணக்கில் இருக்க வேண்டுமே!

உளுந்து, நிலக்கடலை வேர்முடிச்சைப் பிடுங்கிப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. அங்கேயும் செடி இன்னொரு உயிருக்கு வீடு கட்டித் தருகிறது. அங்கே குடியிருக்கும் ரைசோபியம் தழைச்சத்தை வாடகையாகக் கொடுக்கிறது. இங்கே வாடகை கிடையாது. ஆனாலும் நன்றாக வளர்ந்த ஓக் மரத்துக்கு இந்தக் குடித்தனத்தால் பெரிய நஷ்டம் வருவதில்லை. நூற்றுக்கணக்கான முண்டுகளைச் சுமந்துகொண்டு மரம் பாட்டுக்கு நிற்கும்.

இந்த உண்மை தெரிய வெகுகாலம் ஆனது. அழுகிய இறைச்சியில் புழு தானாக உண்டாவதில்லை, ஈ முட்டை வைப்பதால்தான் வருகிறது என்று 1668-இல் சோதனை செய்து காட்டியவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி. அவர் கூட, முண்டுக்குள் இருக்கும் பூச்சியை மரமே தன் உயிர்ச் சக்தியால் பிறப்பிக்கிறது என்று நினைத்தார். அதே நாட்டு மார்செல்லோ மால்பிகிதான் முண்டுகளைக் கீறிப் பார்த்து, பூச்சி வைத்த முட்டையில்தான் கதை தொடங்குகிறது என்று 1679-இல் எழுதினார். கத்தியை எடுத்து உள்ளே பார்த்தவருக்கு விடை கிடைத்தது.

ஓட்டையைப் பார்த்து விலை

மாசிக்காய் வியாபாரத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. குளவி வெளியேறும் முன் பறித்த காய் கனமாக, கருநீலம் அல்லது பச்சை நிறமாக இருக்கும். அதற்குத்தான் விலை. குளவி ஓட்டை போட்டுப் பறந்த பிறகு பறித்தது வெளுத்து, எடை குறைந்து, துவர்ப்பும் குறைந்து இருக்கும். அது இரண்டாம் தரம். ஓட்டையைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று வியாபாரிக்குத் தெரியும். இந்த ஓட்டை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நமக்கும் வேலைக்கு ஆகும்.

நல்ல மாசிக்காயின் எடையில் பாதிக்கு மேல் டானின் என்ற துவர்ப்புச் சத்துதான். மரம் தன்னைத் தின்ன வருகிறவர்களை விரட்ட வைத்திருக்கும் சரக்கு அது. குளவிப்புழு அதையே தன் வீட்டுக்கு வேலியாகப் போட்டுக்கொள்கிறது. தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் மருந்துக்கும் மனிதர்கள் இதைத் தேடியது இந்தத் துவர்ப்புக்காகத்தான். இதோடு அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பத்திரங்களும் பதிவேடுகளும் இந்த மையில்தான் எழுதப்பட்டன. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டபின் கறுத்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் பட்டாலும் போகாது. நீலக்கறுப்பு மைக்கு மூதாதை இது. பழைய பேங்க் லெட்ஜர்களைப் புரட்டியவர்களுக்கு அந்த நிறம் தெரியும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மாசிக்காயை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள். தண்ணீர் கறுக்கும்.

மருந்துக் கடையில் இப்படி இன்னும் சில உண்டு. கடுக்காய்ப் பூ என்று விற்பது பூவல்ல, கடுக்காய் மரத்து இலையில் பூச்சியால் வந்த முண்டு. கற்கடகசிங்கியும் அப்படித்தான். அது இமயமலை மரம் ஒன்றில் அசுவினி உண்டாக்கும் முண்டு.

ஒரு வீடு, பல குடித்தனம்

இனிதான் நமக்கு வேண்டிய பாடம். ஓக் மரத்து முண்டுகளைப் பறித்துப் பாட்டிலில் போட்டு வைத்தால், வெளியே வருவது வீடு கட்டிய குளவி மட்டும் அல்ல. ஒரே வகை முண்டிலிருந்து ஒரு டஜனுக்கு மேற்பட்ட பூச்சி வகைகள் கூட வருவதுண்டு.

முதல் ரகம், ஓசிக் குடித்தனம். இவையும் முண்டுக் குளவிக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் தானாக முண்டு உண்டாக்கத் தெரியாது. அடுத்தவர் முண்டில் முட்டை வைத்து, அந்தச் சுவரைத் தின்று வளரும்.

இரண்டாம் ரகம், ஒட்டுண்ணிக் குளவிகள். நமக்கு வேண்டியவர்கள் இவர்கள்தான். ஊசி போன்ற நீண்ட உறுப்பால் முண்டின் சுவரைத் துளைத்து, உள்ளே இருக்கும் புழுவின் மேலோ உடம்புக்குள்ளோ முட்டை வைக்கும். பொரிந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று முடிக்கும். ஒட்டுண்ணியையே தின்னும் இன்னொரு ஒட்டுண்ணியும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதி ஓக் மரங்களில் யூடெரஸ் செட் என்று ஒரு குளவியை 2017-இல் கண்டுபிடித்து எழுதினார்கள். இதன் பிடியில் சிக்கிய முண்டுக் குளவி வெளியேற ஓட்டை போடும், ஆனால் தன் உடம்பு நுழையாத அளவுக்குச் சின்னதாகப் போடும். தலை மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் ஒட்டுண்ணி அதன் உடம்பைத் தின்று, கடைசியில் தலையைக் குடைந்துகொண்டு வெளியே வரும்.

மூன்றாம் ரகம், காவல்காரர்கள். சில ஓக் முண்டுகள் மேல்தோலில் தேன் போல இனிப்பைச் சுரக்கும். அதை நக்க வரும் எறும்புகள், ஒட்டுண்ணிக் குளவிகளை அண்ட விடாமல் விரட்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த மரத்தின் மேல் ஒரு பூச்சிக்கொல்லியைத் தெளித்தால் யார் சாவார்கள்? முண்டை உண்டாக்கிய புழு கெட்டிச் சுவருக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே பறந்து, இலை இலையாக மோப்பம் பிடித்து முண்டைத் தேடுகிற ஒட்டுண்ணிதான் சாகும். எதிராளி கோட்டைக்குள் இருக்கிறான், நாம் சுடுவது நம் காவலரை. ரசாயனத்துக்கு மட்டுமல்ல, கண்டபடி அடிக்கிற மூலிகைக் கரைசலுக்கும் இதே கணக்குதான்.

எதிரி இல்லாத ஊரில்

சில இடங்களில் முண்டுக் குளவி பெரும் சேதம் செய்திருக்கிறது. அங்கெல்லாம் காரணம் ஒன்றேதான். குளவி ஊர் விட்டு ஊர் போனது, அதன் எதிரி கூடப் போகவில்லை.

இங்கிலாந்தில் நடந்தது ஒன்று. 1735-இல் துருக்கி ஓக் மரத்தை அழகுக்காகக் கொண்டுபோய் நட்டார்கள். ஐரோப்பாக் கண்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஒரு குளவி உண்டு. அதன் ஒரு தலைமுறை துருக்கி ஓக்கின் பூங்கொத்தில் வளரும், அடுத்த தலைமுறை இங்கிலாந்து ஓக்கின் காயில் வளரும். இரண்டு மரமும் பக்கத்தில் இருந்தால்தான் பிழைப்பு ஓடும். மனிதன் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டான். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குளவி கடல் தாண்டி வந்து சேர்ந்தது. 1979-இல் ஓக் காய்கள் ஏராளமாக முண்டாக மாறியதைப் பார்த்துப் பயந்துபோனார்கள். தொடக்கத்தில் அந்த முண்டுக்குள் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவு. பிறகு ஆண்டுக்கு ஆண்டு உள்ளூர் ஒட்டுண்ணிகள் இந்தப் புது இரையைக் கண்டுகொண்டு எண்ணிக்கையில் கூடின. ஓக் மரங்கள் அழிந்துவிடவில்லை.

இன்னொன்று விவசாயிகள் வயிற்றில் அடித்த கதை. செஸ்ட்நட் மரமும் ஓக் குடும்பம்தான். சீனாவைச் சேர்ந்த செஸ்ட்நட் முண்டுக் குளவி 1940-களில் ஜப்பானில் தென்பட்டது, 1974-இல் அமெரிக்காவில், 2002-இல் இத்தாலியில். மொட்டெல்லாம் முண்டானால் துளிர் ஏது, பூ ஏது, காய் ஏது? புழு முண்டுக்குள் இருப்பதால் மருந்து எடுபடவில்லை. ஜப்பானில் எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்களை உருவாக்கினார்கள். கொஞ்ச காலத்தில் அந்த ரகங்களையும் குளவி தாக்கியது. கடைசியில் குளவியின் சொந்த ஊரான சீனாவுக்கே போய், அங்கே அதை அடக்கி வைத்திருந்த டோரிமஸ் சைனென்சிஸ் என்ற ஒட்டுண்ணியைக் கொண்டுவந்தார்கள். இத்தாலியில் 2005 முதல் அதைத் தோப்புகளில் விட்டார்கள். உடனே பலன் தெரியவில்லை. சில ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஒட்டுண்ணி பெருகப் பெருக முண்டு குறைந்தது, காய்ப்பு திரும்பியது.

நம் ஊர் முண்டுகள்

ஓக் நம் தோட்டத்தில் இல்லை. முண்டு இருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்வோம். மிளகுக் கொடிக்குத் தாங்குமரம், வேலிக்கும் ஆகும். இதன் இலைக்காம்பும் துளிரும் வீங்கிச் சுருண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். குவாட்ராஸ்டிகஸ் என்ற குளவியின் வேலை. இது ஓக் குளவியின் குடும்பம் அல்ல, ஆனால் பிழைப்பு அதே மாதிரி. 2004-இல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் தலைகாட்டியது. ஹவாய்த் தீவுகளில் 2005-இல் நுழைந்து, அங்கே இயற்கையாக வளரும் கல்யாண முருங்கை இனத்தை மொட்டையடித்தது. அங்கிருந்த அறிவியலாளர்கள் ஆப்பிரிக்காவில் தேடி, தான்சானியாவில் ஒரு ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார்கள். வேறு எதையும் அது தாக்காது என்று அடைத்து வைத்துச் சோதித்த பிறகே 2008-இல் வெளியே விட்டார்கள். மரங்கள் மறுபடி தழைத்தன.

இரண்டாவது, நெல்லில் ஆனைக்கொம்பன். இது குளவி அல்ல, கொசு போன்ற ஒரு ஈ. இதன் புழு தூரின் குருத்துக்குள் போனதும், இலையாக வர வேண்டியது வெங்காயத் தாள் போலக் குழலாக வெளிறி நீளும். வெள்ளித்தண்டு என்கிறோம். அந்தத் தூரில் கதிர் வராது. வெள்ளித்தண்டு கண்ணில் படுகிற நேரத்தில் அந்தத் தூருக்கு மருந்தடித்துப் பலன் இல்லை. ஆனால் அந்தக் குழலுக்குள் பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்ற கருப்புக் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு ஈப்புழுவுக்குள்ளிருந்து பல குளவிகள் வரும். இந்த ஒட்டுண்ணி உள்ள வெள்ளித்தண்டுகளை, நட்ட 10-ஆம் நாள் 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. வெள்ளித்தண்டையெல்லாம் பிடுங்கிக் கொளுத்துகிறவர் தன் படையையும் சேர்த்துக் கொளுத்துகிறார் என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, புங்கன் இலையில் விரல் விரலாக நிற்கும் முண்டு. இது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்தியால் வருவது. பார்க்கப் பயமாக இருக்கும். வளர்ந்த புங்கனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடலாம்.

முண்டைப் பார்த்ததும் செய்ய வேண்டியவை

1. முதலில் கத்தியை எடுங்கள், தெளிப்பானை அல்ல. பத்து முண்டுகளைப் பறித்துக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே அறை இருக்கிறதா, புழு உயிரோடு இருக்கிறதா, ஒன்றா பலவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டில் இருக்கும் சிறு எழுத்தைப் படிக்க உதவும் லென்ஸே போதும்.

2. ஓட்டையைத் தேடுங்கள். முண்டுகளில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் ஆள் போயாயிற்று. அதன் மேல் எதைத் தெளித்தாலும் காசு வீண்.

3. பாட்டில் சோதனை செய்யுங்கள். ஓட்டை இல்லாத முண்டு 20, 30 எடுத்து, அகன்ற வாய் உள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். பூஞ்சணம் பிடிக்காமல் அடியில் காகிதம் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் தினமும் பார்த்து, என்ன பூச்சி எத்தனை வந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

4. ஒரே மாதிரி பூச்சி மட்டும் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டு மூன்று விதமாக வந்தால் உங்கள் தோட்டத்தில் ஒட்டுண்ணி வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அடையாளம் தெரியாவிட்டால் பாட்டிலோடு பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்ப் பூச்சியியல் படித்தவரிடம் காட்டுங்கள்.

5. மரம் நலிகிறதா என்று பாருங்கள். இலையில் முண்டு மட்டும் என்றால் விட்டுவிடலாம். துளிரே வராமல் கிளை காய்ந்தால் அந்தக் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். அதன்பின் தழைச்சத்தை அள்ளிக் கொட்டி இளந்துளிரைக் கிளப்பாதீர்கள். முண்டுப் பூச்சிக்குப் பிடித்த இடம் இளந்துளிர்தான்.

6. ஒட்டுண்ணிக் குளவிக்குத் தீனி வையுங்கள். வளர்ந்த குளவிக்கு வேண்டியது தேன். வரப்பில் தட்டைப்பயறு, எள், கொத்தமல்லி, துளசி என்று ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கட்டும்.

7. வெளியூர் நாற்று, போத்து வாங்கும்போது முண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளவி தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. நாம் தூக்கிக்கொண்டு போகும் தூரம்தான் அதிகம். அதே மாதிரி, வெளிநாட்டு ஒட்டுண்ணியை யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி விடாதீர்கள். அது சோதனை செய்து விட வேண்டிய பூச்சி.

இதில் ஒன்றாவது, இரண்டாவது வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். மூன்றாவதுக்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில் மரம் செத்துவிடாது. தெளிப்பானைத் தூக்கினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் போகும் ஒட்டுண்ணி திரும்பிச் சேர எத்தனை போகம் ஆகுமோ! அடுத்த முறை மருந்துக் கடைப் பக்கம் போனால் ஒரு மாசிக்காய் வாங்கி வந்து, பிள்ளைகளை உட்கார வைத்து உடைத்துக் காட்டுங்கள். பிறகு தோட்டத்து முண்டை அவர்களே வெட்டிப் பார்த்து உங்களுக்குச் சொல்வார்கள்.